அப்பா உயில் எழுத வேண்டுமா? முதலில் பாட்டியின் பங்கைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி கேட்ட தம்பியின் நிலவரம் இதுதான். அப்பாவுக்கு 66 வயது, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். டவுனில் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் 1996-இல் வாங்கிக் கட்டிய வீடு. ஊரில் தாத்தா கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் நிலம். பட்டா இன்னமும் தாத்தா பெயரில்தான். தாத்தா 1998-இல் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். பேங்கில் கொஞ்சம் ஃபிக்சட் டெபாசிட், அதற்குத் தம்பியின் தம்பி நாமினி. வீட்டில் அம்மா, 88 வயதுப் பாட்டி, இரண்டு மகன்கள். அக்கா கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார். அப்பாவின் கூடப் பிறந்தவர்கள் சித்தப்பா ஒருவர், அத்தை ஒருவர். "எங்களை மாதிரி சாதாரணக் குடும்பத்துக்கு உயிலெல்லாம் தேவையா? நாங்கள் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம். நாமினி போட்டாச்சு. அக்காவுக்கு 60 பவுன் போட்டுச் சீரும் செய்தாச்சு. இதுக்கு மேல் என்ன?" என்று கேட்கிறார்.

முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். "ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்" என்று சொல்லாத குடும்பத்தை இதுவரை பார்த்ததில்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குக்கு வருவோம். நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மற்றவர்களுக்குக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய முதல் நிலை வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், அப்புறம் அவரைப் பெற்ற தாய். எல்லோருக்கும் சமபங்கு. உங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நீங்கள், உங்கள் தம்பி, பாட்டி என்று ஐந்து பேர். ஆளுக்கு ஐந்தில் ஒன்று. முப்பது வருடம் அந்த வீட்டு வாசலைக் கூட்டிக் கோலம் போட்ட அம்மாவுக்கு, அந்த வீட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நாலு பங்குக்காரர்களின் கையெழுத்தில்லாமல் அவர் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. சமையலறைக்கு மேல் ஓட்டை மாற்றிக் கான்கிரீட் போடக் கடன் கேட்டாலும் பேங்க் ஐந்து கையெழுத்து கேட்கும்.

இதில் பாட்டியின் பங்கைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பாட்டியை வாரிசு என்றே பலர் நினைப்பதில்லை. "வயசானவங்க, அவங்களுக்கு எதுக்குப் பங்கு" என்று வாரிசு சான்றிதழ் மனுவில் பெயரையே விட்டுவிடுவார்கள். அப்புறம் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

சரி, அப்பாவுக்குப் பிறகு இரண்டு வருடத்தில் பாட்டியும் போய்விட்டார் என்று வையுங்கள். பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே உங்களிடம் திரும்பி வந்துவிடாது. அது பாட்டியின் சொத்து. பாட்டியின் பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், இறந்துபோன உங்கள் அப்பாவின் பாகம் உங்கள் மூவருக்கும். ஆக, உங்கள் அப்பா தனியாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் சித்தப்பாவுக்குப் பதினைந்தில் ஒன்று, அத்தைக்குப் பதினைந்தில் ஒன்று. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் வீட்டை விற்கிற அன்று அவர்களும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் சித்தப்பா இல்லையென்றால் சித்தியும் அவர் பிள்ளைகளும். ஒருவர் துபாயில், ஒருவர் கோபத்தில். ஒரு சின்ன வீட்டுக்குப் பதினோரு பேர் கையெழுத்து வாங்க நாலு வருடம் அலைந்த குடும்பம் எனக்குத் தெரியும். அதில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை.

எனவே உயில் தேவையா என்ற கேள்விக்கு என் பதில்: தேவை, சொத்து நிறைய இருக்கிறது என்பதற்காக அல்ல, அம்மாவுக்காக. கோடி கோடியாக வைத்திருப்பவர் வீட்டில் ஒரு வீடு சிக்கினால் இன்னொரு வீட்டில் போய் இருக்கலாம். உங்களுக்கு இருப்பது ஒரு வீடு.

இப்போது நிலத்துக்கு வருவோம், ஏனென்றால் அங்கே நிலைமை இன்னும் கொஞ்சம் சிக்கல். "அப்பாவின் நிலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்பாவின் நிலம் இல்லை. தாத்தா சொந்தமாக வாங்கியது, உயிலில்லாமல் இறந்தார் என்றால், 1998-இல் அந்த நிமிடமே அது பாட்டி, அப்பா, சித்தப்பா, அத்தை நாலு பேருக்கும் சமமாகப் போய்விட்டது. 1 ஏக்கர் 20 சென்ட்டில் அப்பாவுக்கு 30 சென்ட். அவர் உயில் எழுதினாலும் அந்த 30 சென்ட்டுக்குத்தான் எழுத முடியும். வரப்பு போட்டு உழுவது யார், கிஸ்தி கட்டுவது யார் என்பதெல்லாம் இதை மாற்றாது. பட்டாவில் பெயர் இருப்பதும் அனுபவத்துக்கும் வரிக்குமான ஆதாரம்தானே தவிர, அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "பாட்டன் சொத்து பேரனுக்கு" என்று டீக்கடையில் உறுதியாகச் சொல்வார்கள். 1956-க்குப் பிறகு இறந்த ஒருவரின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லாமல் மகனுக்கு வந்தால், அது மகனின் தனிச்சொத்து. பேரனுக்குப் பிறப்பிலேயே அதில் பங்கு கிடையாது. உச்ச நீதிமன்றம் இதை 1986-லேயே சொல்லிவிட்டது. அதனால் அப்பாவின் 30 சென்ட்டிலும் அவர் உயிரோடு இருக்கும்வரை நீங்கள் பங்கு கேட்க முடியாது. தாத்தாவுக்கே அவருடைய முன்னோர் வழியாக வந்த பூர்வீக நிலமாக இருந்தால் கணக்கு வேறு. அதில் பெண்களின் உரிமை இரண்டு கட்டமாக வந்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. மத்திய அரசு 2005 செப்டம்பர் 9 முதல் திருமணமான பெண்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பால் வரும் உரிமை அது.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். 60 பவுன், சீர்வரிசை, தலைதீபாவளி மோதிரம் எதுவும் சட்டத்தின் கண்ணில் பங்குக்குக் கழிவு இல்லை. உயில் இல்லாவிட்டால் உங்களுக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. சில வீடுகளில் அப்பா உயிரோடு இருக்கும்போதே அக்காவைக் கூப்பிட்டு இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். இன்னும் கைக்கு வராத சொத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. வேண்டாம் என்று அவர் மனதார நினைத்தால், அப்பா காலத்துக்குப் பிறகு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். அல்லது அப்பாவே உயிலில் யாருக்கு என்று எழுதிவிட வேண்டும். தன் சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுத அவருக்கு உரிமை உண்டு. அக்காவுக்கு எதுவும் இல்லை என்று எழுதினால் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காரணமே சொல்லாமல் ஒரு பிள்ளையை விட்ட உயிலைத்தான் நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், அக்காவுக்கும் ஏதாவது எழுதச் சொல்லுங்கள். பணமதிப்பை விட அவர் பெயர் அந்தக் காகிதத்தில் இருப்பது பெரிய விஷயம்.

நாமினி. இந்த ஒரு வார்த்தையால் வந்த சண்டைகளைத் தனியாக ஒரு கட்டுரையாகவே எழுதலாம். நாமினி என்பவர் பேங்கிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்கிற ஆள். வாங்கிய பணம் யாருக்குச் சேரும் என்பதை உயிலோ, உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டமோதான் சொல்லும். உங்கள் தம்பி பேங்கில் போய் ஃபிக்சட் டெபாசிட்டை எடுத்துவந்தால், அது ஐந்து பேர் பணம். அவர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் வழக்குப் போடலாம். ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதே கதைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்.ஐ.சி. மாதிரியான ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு மாற்றம் உண்டு. 2015-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாலிசிதாரர் தன் பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது என்று அதில் எழுதியிருக்கிறது.

ஆகவே நாமினி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். நாமினி இல்லாத கணக்கில் பணம் எடுக்க அம்மா படும் பாடு பெரிது. வாரிசு சான்றிதழ், ஜாமீன், பெரிய தொகையென்றால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று என்று இழுக்கும். (தாசில்தார் கொடுக்கும் வாரிசு சான்றிதழ் வேறு, கோர்ட் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்று வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.) நான் சொல்வது, நாமினியும் உயிலும் ஒரே ஆளைக் காட்டட்டும். ஃபிக்சட் டெபாசிட்டில் தம்பியை எடுத்துவிட்டு அம்மாவைப் போடச் சொல்லுங்கள். 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு பேங்க் கணக்குக்கு நாலு பேர்வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரித்தும் நாமினி போடலாம். அன்றாடச் செலவுக் கணக்கை அப்பா, அம்மா இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றிவிடுங்கள். காரியச் செலவுக்கு அம்மா யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்காது. உங்கள் பி.எஃப். கணக்கையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் அப்படியே இருந்தால் புதிதாகப் போட வேண்டும்.

ஆள் இறந்தபிறகு அவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுப்பது, அவர் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து நிலத்தை விற்பது, இரண்டும் கூடாது. பவர் கொடுத்தவர் கண்ணை மூடிய நிமிடம் பவரும் முடிந்தது. இது தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்து, உயிலா, உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் செட்டில்மெண்டா? உங்களைப் போல மூத்த மகன்கள் பெரும்பாலும் செட்டில்மெண்டைத்தான் விரும்புவார்கள். "இப்பவே எழுதிட்டா பின்னால பிரச்சினை இல்ல பாருங்க" என்று. செலவும் கட்டுப்படியாகும். கிரயப் பத்திரத்துக்கு, அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் ஆகும் இடத்தில், குடும்பத்துக்குள் தான செட்டில்மெண்டுக்கு இரண்டும் ஒவ்வொரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய கணக்குப்படி முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் ஒன்று: செட்டில்மெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றே சொத்து கைமாறிவிடும். மறுநாள் மனம் மாறினால் அப்பா தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். ஒரே மகன். வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதச் சொன்னார். "ஐயா, உங்க ரெண்டு பேருக்கும் ஆயுள்வரைக்கும் இருக்க உரிமைன்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?" என்று கேட்டேன். பக்கத்தில் மகன் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எம் பையன் மேல நம்பிக்கை இல்லையான்னு கேப்பாங்க, வேணாம்ப்பா" என்றார். வற்புறுத்தியிருக்க வேண்டும், வற்புறுத்தவில்லை. மூன்று வருடத்தில் மகன் அந்த வீட்டை வைத்துக் கடன் வாங்கினான், கட்டவில்லை, ஏலம். பெரியவரும் அவர் மனைவியும் மகள் வீட்டு மாடியில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். மகன் கெட்டவன் என்றும் சொல்ல மாட்டேன், வியாபாரத்தில் விழுந்தான், அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பேங்க் கடனே கொடுத்திருக்காது.

அன்றிலிருந்து யார் எதிரே நின்றாலும் இரண்டு விஷயத்தைச் சேர்க்காமல் வயதானவர்களுக்கு நான் செட்டில்மெண்ட் எழுதுவதில்லை. ஒன்று, எழுதிக் கொடுப்பவருக்கும் அவர் மனைவிக்கும் ஆயுள்கால அனுபவ உரிமை. இரண்டு, எழுதி வாங்குபவர் அவர்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல்கூட வேண்டாம். ஆனால் நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருந்தால்தான் சிக்கலில்லாமல் நடக்கும். எழுதாத நிபந்தனைக்காக மேல் கோர்ட் வரை போனவர்கள் இருக்கிறார்கள். எழுபது வயதில் அது யாருக்கும் வேண்டாம்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை செட்டில்மெண்டே வேண்டாம் என்பேன். உயில் போதும். உயிரோடு இருக்கும்வரை வீடு அப்பாவுடையது. பத்து தடவை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

உயில் எழுதுவது மக்கள் நினைப்பதைவிட எளிது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம், கையாலும் எழுதலாம். பதிவு செய்யாத உயிலும் செல்லும். கட்டாயமானது ஒன்றுதான்: எழுதியவர் கையெழுத்து, அதைப் பார்த்த குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. சாட்சிகள் உயிலைப் படித்துப் பார்க்க வேண்டியதில்லை, அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தால் போதும். இந்தச் சாட்சி விஷயத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். அப்பாவின் வயதுக்காரர்களாகப் பார்த்து, மரியாதைக்காக, அவருடைய இரண்டு நண்பர்களைக் கூட்டி வருவார்கள். உயில் பேச்சுக்கு வரும்போது எழுதியவரும் இருக்க மாட்டார், சாட்சிகளும் இருக்க மாட்டார்கள். நாளை வழக்கு என்றால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் ஏறி "என் கண் முன்னால் போட்டார்" என்று சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்குட்பட்ட, உள்ளூரில் இருக்கிற, உயிலில் எதுவும் வாங்காத இரண்டு பேரைப் பிடியுங்கள். எழுபதைத் தாண்டியவர், உடம்பு முடியாதவர் என்றால் அன்றைய தேதியில் ஒரு டாக்டரிடம் சுயநினைவோடு இருக்கிறார் என்று சான்று வாங்கிச் சேர்த்து வைக்கலாம்.

சொத்து விவரத்தை "டவுனில் உள்ள என் வீடு" என்று எழுதக் கூடாது. பத்திர எண், வருடம், எந்தச் சார்பதிவகம், சர்வே எண், சதுர அடி, நான்கெல்லை எல்லாம் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். கடைசியில் "இதில் குறிப்பிடாத, இனி எனக்குச் சேரும் சொத்துக்கள் அனைத்தும்" யாருக்கு என்று ஒரு பத்தி. இல்லாவிட்டால் நாளைக்கு வாங்கும் ஸ்கூட்டருக்கும் வாரிசு சான்றிதழ் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. முந்தைய உயில் இருந்தால் அது ரத்து என்றும் எழுத வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை என்றேன். ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது, சின்னக் கட்டணம்தான். அப்பா, இரண்டு சாட்சி, ஆதார், போட்டோ, ஒரு காலை வேலை. உயில் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். தெரியாது. உயில்களுக்குத் தனிப் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அனுப்பும் முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள். அசல் தொலைந்தாலும், கரையான் அரித்தாலும், பின்னால் நகல் வாங்கலாம். ஒருவர் உயிலை எழுதி பேங்க் லாக்கருக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். லாக்கர் அவர் ஒருவர் பெயரில். லாக்கரைத் திறக்க உயில் கேட்டார்கள், உயிலை எடுக்க லாக்கரைத் திறக்க வேண்டும். பதிவு செய்யாத உயில். அவர் மகள் என்னிடம் வந்து சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, வீட்டை யாருக்கு எழுதுவது? அம்மாவுக்கு. எப்படி எழுதுவது என்பதில்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம். ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதுவது ஒரு வழி. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நான் சர்வ சுதந்திர பாத்தியத்தோடு, அதாவது விற்கும் உரிமையும் சேர்த்து முழு உரிமையோடு, அம்மாவுக்கே எழுதச் சொல்வேன். அம்மாவுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் வந்தால் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு வழி வேண்டும். அது மட்டுமல்ல, வீடு தன் பெயரில் இருக்கிற மாமியாருக்கும் மகன் தயவில் இருக்கிற மாமியாருக்கும் காலை காபி வருகிற நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். இப்படிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். அம்மா உயில் எழுதாமல் போனாலும் அவருக்குப் பிறகு நீங்கள் மூவரும்தான் சமமாக எடுப்பீர்கள், எனவே உங்களுக்கு நஷ்டமும் இல்லை. அம்மா அப்பாவுக்கு முன்னால் போய்விட்டால் யாருக்கு என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டும். பாட்டியை விட்டுவிடாதீர்கள். அவர் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டிலேயே இருக்கவும் பராமரிக்கப்படவும் உரிமை என்று எழுதுங்கள். பங்கு வேறு, இருக்க இடம் வேறு.

அம்மாவும் அன்றைக்கே தன் உயிலை எழுதிவிடலாம். பெண்களின் சொத்துக்கு வாரிசு வரிசையே வேறு. பிள்ளைகள் இருந்தால் பிரச்சினையில்லை. பிள்ளை இல்லாத ஒரு பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததும் முதலில் கணவனுக்கு, கணவன் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பிறகுதான். 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. கல்யாணமான மூன்றாம் மாதமே கணவனை இழந்த பெண், புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். அவர் இறந்தபின் அது பெற்ற தாயின் பக்கம் போகவில்லை. விரட்டிய வீட்டின் வாரிசுகளுக்குப் போனது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்ற தொனியில்தான் தீர்ப்பு இருந்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேலைக்குப் போகிற, பிள்ளை இல்லாத பெண் இருந்தால் இதைச் சொல்லுங்கள். அவருக்கு உயில் இன்றைக்கே வேண்டும்.

மற்ற மதத்தவர்களுக்குச் சுருக்கமாக. கிறிஸ்தவர் உயிலின்றி இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு மகன், மகள் என்ற பேதமின்றி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்குப் பங்கில்லை. கல்யாணத்துக்கு முன் அவர் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும். முஸ்லிம்கள் காரியச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுத முடியாது. அந்த ஒரு பங்கையும், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல், ஒரு வாரிசுக்கே எழுத முடியாது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனில் பாதி. மனைவிக்கு வீட்டைப் பாதுகாக்க நினைக்கும் முஸ்லிம்கள் உயிரோடு இருக்கும்போதே ஹிபா, அதாவது தானம், கொடுப்பது அதனால்தான்.

வரி பற்றியும் கேட்பார்கள். இந்தியாவில் 1985-க்குப் பிறகு வாரிசு வரி கிடையாது. உயிலில் வந்தாலும், பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும் வருமான வரி இல்லை. விற்கும்போது லாபத்துக்குத்தான் வரி. கடன் இருந்தால், அப்பா விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு, உங்கள் சம்பளத்திலிருந்து யாரும் பிடிக்க முடியாது; நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அப்பாவிடம் கொடுங்கள். எந்தப் பேங்க், எந்தக் கிளை, பாலிசி எண், நகை எங்கே அடகில் இருக்கிறது, யாருக்குக் கைமாற்று கொடுத்தார், யாரிடம் வாங்கினார், சீட்டு எங்கே போடுகிறார், தாய்ப்பத்திரம் எந்தப் பெட்டியில். ரகசிய எண் எதையும் எழுத வேண்டாம். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகின்றன. அப்படிக் கிடப்பதைத் தேட உத்கம் என்றொரு இணையதளமே 2023-இல் தொடங்கினார்கள். கேட்டால் திருப்பித் தருவார்கள், ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பது.

இப்போது உங்களுக்கு அவசரம் வீடு அல்ல, நிலம்தான், ஏனென்றால் பாட்டிக்கு 88. அவர் இருக்கும்போதே தாத்தாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து, இ-சேவை மையத்தில் அவருக்கான வாரிசு சான்றிதழுக்கு மனு போடுங்கள். அது கைக்கு வந்ததும் பாட்டி, அப்பா, சித்தப்பா, அத்தை நாலு பேரும் உட்கார்ந்து பாகப்பிரிவினை பதிவு செய்துவிடலாம். பாட்டி தன் 30 சென்ட்டை யாருக்குக் கொடுக்க நினைக்கிறாரோ அதையும் அன்றே எழுதிவிடலாம். முதலில் அவரைத் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்றால் எல்லோருக்கும் சரி என்றுதான் தலையாட்டுவார். நடக்க முடியவில்லையென்றால் கவலைப்பட வேண்டாம், மனு கொடுத்துத் தனிக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து ரேகை எடுத்துக்கொள்வார். போன மாதம்கூட ஒரு பாட்டிக்கு அப்படித்தான் முடிந்தது. கட்டிலில் சாய்ந்தபடியே, எந்த விரல் என்று கேட்டு, மை நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று தானே குனிந்து பார்த்துக்கொண்டார்.